அயர்லாந்து மானியமும் கரியாலூர் மாடும்

படிவத்தின் பதினாலாவது கேள்விதான் என்னை விமானம் ஏற்றியது. முதல் பதின்மூன்றுக்கும் அயர்லாந்தில் என் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து பதில் எழுதி முடித்துவிட்டேன். பதினாலாவது, "திட்டம் நடக்கப்போகும் இடத்தை உங்களில் யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் "இல்லை" என்று உண்மையை எழுதினோம். இரண்டு தடவையும், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசுவதுபோல அவ்வளவு மென்மையாக, மானியம் இல்லை என்று கடிதம் வந்தது. மூன்றாவது தடவையும் தள்ளுபடியானால் அந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கமே வரக்கூடாது என்பது விதி.

திட்டம் ஒன்றும் பெரிய அணைக்கட்டு இல்லை. கல்வராயன் மலையில், கரியாலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில், பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த மகளிர் குழுவுக்குச் சாமையின் உமியை நீக்கும் ஒரு மெஷின். அவ்வளவுதான். வெளிநாடுகளில் ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்யும் இந்த மாதிரிச் சின்ன வேலைகளுக்கு அயர்லாந்து அரசு சிறு மானியம் கொடுக்கிறது என்று எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தெரியவந்தது. சங்கம் என்றால் ஆறு குடும்பம். கொட்டுகிற மழையில் பொங்கல் வைத்ததைத் தவிர அதற்கு வேறு சாதனை கிடையாது.

"நீங்கதான் அந்த ஊர்க்காரராச்சே, போய்ட்டு வாங்க நிர்மலா" என்று ஆறு குடும்பமும் ஒரே குரலில் சொன்னது. நான் பிறந்தது திருநாவலூர். திருநாவலூருக்கும் மலைக்கும் நடுவே ஒரு மாவட்டமே மல்லாந்து கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் விழவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் குளிர்காலத்தில் லீவு மிச்சம் இருந்தது. என் தகுதி அது ஒன்றுதான்.

நேரில் பார்த்தால் மட்டும் போதாதாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, அயர்லாந்தில் அப்போது காலை ஒன்பது, மானிய அலுவலர் நோரா என்ற அம்மாள் வீடியோ அழைப்பில் ஊரைப் பார்ப்பார். நான் போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்து காட்ட வேண்டும். அவர் பார்த்துத் திருப்திப்பட்டால் மெஷின். இல்லையென்றால் அந்தப் பெண்கள் வாழ்நாள் பூரா உலக்கைதான்.

புதன்கிழமை உளுந்தூர்ப்பேட்டையில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. மடிக்குக் கத்திரிக்காய் மூட்டை ஒன்றும் கிடைத்தது. "கொஞ்சம் புடிச்சிக்கங்க" என்று வைத்த பெரியவர், தியாகதுருகம் வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அயர்லாந்து பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முழங்கை லேசாக உரசினால்கூட இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். இங்கே என் மடி பொதுச்சொத்து. இறங்கும்போது மூட்டையிலிருந்து நாலு கத்திரிக்காய் எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் செல்வராணி காத்திருந்தாள். பத்தாவது வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவள். இப்போது மலையிலிருக்கும் மகளிர் குழுக்களுக்கெல்லாம் மனு எழுதி, பாங்கி பாங்கியாக ஏறி லோன் வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷ அனுபவம். மெஷின் கேட்டு எனக்கு எழுதியதே அவள்தான்.

"நான் தொட்ட மனு ஒண்ணுகூட இதுவரைக்கும் தள்ளுபடி ஆனதில்லடி. நீ எழுதுனதுதான் ரெண்டு வாட்டி ஆயிருக்கு" என்று வரவேற்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றியதும் அது போய்விட்டது. பன்னிரண்டு வருஷமாக உருளைக்கிழங்கு தின்று செத்துக் கிடந்த நாக்கு அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தது.

படிவத்தோடு, ஊர்ப்பெண்கள் தங்கள் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை இணைக்க வேண்டும். கையால் எழுதிவிடலாம் என்றேன். செல்வராணி என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, மனு அடித்துத் தரும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார்.

"அனுப்புநர் ஆச்சு. பெறுநர் யாருங்க?"

"அயர்லாந்து அரசுங்க" என்றேன்.

"எந்தத் தாலுக்கா?"

"அது ஒரு நாடுங்க."

"நாடா இருந்தா இன்னாங்க? தாலுக்கா இல்லாமலா இருக்கும்?"

அங்கே தாலுக்கா கிடையாது என்று நான் அடித்துச் சொன்னதும் அவருக்கு அந்த அரசாங்கத்தின் மேலிருந்த மரியாதை பாதி குறைந்துவிட்டது. அடுத்து 'பார்வை' என்ற இடத்தில் நின்றார். இதற்கு முன்னால் நடந்த கடிதப் போக்குவரத்தை அங்கே குறிப்பிட வேண்டும். பார்வை போடாத மனுவை எந்த ஆபீசிலும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. வேறு வழியில்லாமல், ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளுபடி ஆன விஷயத்தைச் சொன்னேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டு லெட்டர் இருக்குதா? அத மொதல்லயே சொல்றதில்ல? ரெண்டு வாட்டி தள்ளிட்டான்னா மூணாவது வாட்டி குடுத்துத்தான் ஆவணும்ங்க."

அடித்து முடித்த காகிதத்தைப் பார்த்தேன். 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று மூன்று இடத்தில் இருந்தது. கடைசியில், யாரும் சொல்லாமலே, 'நகல்: மாவட்ட ஆட்சியர்' என்று போட்டிருந்தார். இது எதற்கு என்று கேட்டேன். "சும்மா, அவங்களுக்கு ஒரு பயம் இருக்கட்டும்ங்க" என்றார். அயர்லாந்து அரசாங்கம் கள்ளக்குறிச்சி கலெக்டருக்குப் பயப்படுவதை நினைத்துக்கொண்டே அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் மலை பஸ். செல்வராணி முன் சீட்டில், நான் பின்னால். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையில் வறுக்கும் மீன் வாசனை ஜன்னல் வழியாக வந்து என்னைக் கூப்பிட்டது. பஸ்தான் நிற்கவில்லை. கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் பக்கத்து சீட்டுப் பெண் தன் எலுமிச்சம்பழத்தை எனக்குக் கொடுத்து, "மோந்துக்கினே வாங்க, ஒண்ணும் ஆவாது" என்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சம்பழத்தைத் தானம் செய்த புண்ணியவதிதான் மூன்றாவது வளைவில், நான் விமான நிலையத்தில் சாக்லேட் வாங்கிய பையில், வயிற்றைக் காலி செய்தாள். நல்லவேளை, சாக்லேட்டை முந்தின நாளே செல்வராணி வீட்டில் தின்று தீர்த்திருந்தார்கள்.

அடுத்த வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று குறுக்கே நின்றது. ஏதோ ஒரு கம்பி உடைந்துவிட்டதாம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி, லாரியைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாளைக்கு இரண்டரை மணிக்குள் மேலே போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று கண்டக்டரிடம் புலம்பினேன். "நாளைக்குத்தான? இன்னிக்குள்ள கண்டிப்பாப் போய்டலாம்ங்க" என்று தைரியம் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வழி கிடைத்தது. அயர்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது வழக்கம். கரியாலூரில் இறங்கும்போது வாய் பழக்கத்தில் நன்றி என்று சொல்லிவிட்டேன். கண்டக்டர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டே பின்னால் இறங்கி வந்து, "இன்னாங்க, உள்ள எதனா வுட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி ஏறிச் சீட்டுக்கடியில் எல்லாம் தேடிப் பார்த்தார்.

அந்தச் சிற்றூருக்குள் போனதும் குழுத் தலைவி பச்சையம்மா எதிரே வந்தார். ஐம்பது வயசு இருக்கும். "நர்ஸம்மாவா? வாங்க. மொதல்ல கையக் கழுவுங்க" என்று நேராகச் சாப்பாட்டில் உட்கார வைத்தார். சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, சுட்ட கருவாடு. நான் சாப்பாட்டு விஷயத்தில் கூச்சப்படுகிற ஜாதி இல்லை. மூன்றாவது முறை சோற்றுக்குத் தட்டை நீட்டியபோதுதான் பக்கத்து வீட்டில் திடும் திடும் என்று உலக்கைச் சத்தம் கேட்டது. இதுவும் அப்படிக் குத்தியதுதானா என்று கேட்டேன்.

"ஆமாங்க. விடியக்காலம் நாலு மணிக்குக் குத்துனா ஒரு வேளைக்கு ஆவும். அப்புறம் கெழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போவணும். மத்தியானம் வந்து ராவுக்குக் குத்தணும். கீழ மில்லுக்கு மூட்டையத் தூக்கிக்கினு போனா அன்னிக்குக் கூலி போச்சு" என்று சொல்லிக்கொண்டே பச்சையம்மா இன்னொரு கரண்டி போட வந்தார். இடது கையால் போட்டார். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம், வலது கை தூக்க வரவில்லை என்றார்.

நான் உடனே நர்ஸாகிவிட்டேன். கையைக் கழுவிவிட்டு அவர் தோளை அழுத்திப் பார்த்தேன். வலது கை காதுவரைக்கும்கூடப் போகவில்லை. தலை பின்னிவிடுவதே பக்கத்து வீட்டுப் பெண்தானாம். இந்தக் கையை வைத்துக்கொண்டு உலக்கையை எப்படித்தான் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உலக்க தானா மேல போவுதுங்க. நான் அது பின்னாலயே போறேன்" என்று சிரித்தார்.

ஆறு மாசம் அந்தக் கையால் உலக்கையைத் தொடவே கூடாது என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலத்துக்குச் சாமையை அளந்து உரலில் கொட்டினார். மூன்று தடவை சாப்பிட்ட என் வயிற்றை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இந்த அம்மாவுக்கு மெஷின் வாங்கிக் கொடுக்காமல் விமானம் ஏறுவதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் உரல், உலக்கை, காய்ப்புக் காய்த்த உள்ளங்கைகள், ஒழுகும் கூரை என்று படமாக எடுத்துத் தள்ளினேன். பன்னிரண்டு பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஊரில் போன் பேச எங்கேயும் முடியும். படம் தெரிய வேண்டும் என்றால் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். டேங்கைச் சுற்றி ஐந்து வீடுகள் இருந்தன. நாளைக்கு இந்த ஐந்தைக் காட்டினால் போதும் என்று முடிவு செய்தோம்.

செல்வராணி என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஏண்டி, ஊர்ல இருக்கற ஓட்ட ஒடசலை மட்டும் பொறுக்கிப் புடிச்சி வச்சிருக்கே? இதக் காட்டுனா எவ குடுப்பா? நாளைக்கு எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கம்முனு இரு."

நானும் கம்மென்று இருந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் கம்மென்று இருந்த நேரங்கள் ரொம்பக் கம்மி. அதில் இதுதான் மகா தப்பு.

வெள்ளிக்கிழமை காலையில், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவி பார்க்காமல் போகலாமா என்று என்னைக் கிளப்பிவிட்டாள். நான் அருவியில் தலையைக் காட்டி, வழியில் நெல்லிக்காய் வாங்கித் தின்று, இரண்டு மணிக்கு மேல் ஆடி அசைந்து திரும்பி வந்தேன். வேறு ஏதோ ஊருக்குள் நுழைந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஐந்து வீட்டு வாசலிலும் கோலம். பன்னிரண்டு பேரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள். ஒரு வீட்டு ஜன்னலில் டிவியை வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்தார்கள். இன்னொரு வாசலில் மூன்று மோட்டார் பைக். ஒழுகுகிற கூரைமேல் புதுத் தார்ப்பாய் பளபளத்தது. உரலையும் உலக்கையையும் எங்கே ஒளித்தார்களோ தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில், தண்ணீர் டேங்கு அடியில், சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஜம்மென்று நின்றது ஒரு மெஷின். சாமை உமி நீக்கும் மெஷின்!

"இது எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"கள்ளக்குறிச்சில விக்கிற கடையிலேர்ந்துதான். டெமோ காட்டணும்னு சொல்லிக் குட்டியானைல ஏத்தி அனுப்பச் சொன்னேன். மூணரைக்குத் திருப்பி அனுப்பிடணும்" என்றாள் செல்வராணி பெருமையாக. குட்டியானை என்கிற அந்தச் சின்ன லாரி ஒரு வீட்டுக்குப் பின்னால் மறைந்து நின்றது.

எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. "மெஷின் வேணும்னு கேக்கப் போற எடத்துல எதுக்குடி மெஷினு?"

"பாங்கி மேனேஜர் வந்தா இப்டித்தான்டி காட்டுவோம். மாட்டு லோனுன்னா மாட்டக் காட்டணும், கட லோனுன்னா கடையக் காட்டணும். ஒண்ணுமில்லாத வூட்டுக்கு எவனாச்சும் லோன் குடுப்பானா? பதினெட்டு வருஷமா நான் இதத்தான் பண்றேன்."

"லோன் இல்லடி! மானியம்! இல்லாதவங்களுக்குத்தான் குடுப்பாங்க!"

பன்னிரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வெளிநாட்டில் ரொம்ப வருஷம் இருந்ததில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது. பச்சையம்மா மட்டும் மெதுவாக, "இல்லன்னு சொன்னா குடுக்கறாங்களா? அப்டி ஒரு எடமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. நோரா.

வெளுத்த முடி, கையில் தேநீர்க் கோப்பை, சிரித்த முகம். "ஆகா, என்ன வெயில்! இங்கே மூன்று நாளாக விடாத மழை" என்றார். நான் மெஷினை என் முதுகால் மறைத்துக்கொண்டு முதல் வீட்டைக் காட்டினேன். வாசலில் ஒரு மாடு கட்டியிருந்தது. செவலை மாடு, நெற்றியில் வெள்ளை, ஒரு கொம்பு பாதி உடைந்தது. காதில் மஞ்சள் வில்லை. நோராவுக்கு ஏக சந்தோஷம். அவர் பால் பண்ணையில் பிறந்து வளர்ந்தவராம். மாட்டை நன்றாகக் காட்டச் சொன்னார்.

இரண்டாவது வீட்டிலும் ஒரு மாடு நின்றது. கழுத்தில் நீலமணி. மூன்றாவது வீட்டிலும் மாடு, கழுத்தில் சாமந்தி மாலை. அந்த மாலையில் பாதியை அது மென்றுகொண்டிருந்தது. அதற்கு மூச்சு வாங்கியது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு அதைவிட அதிகமாக வாங்கியது. நான் போனோடு முன்வாசலில் நடக்க நடக்க, அவர்கள் கொல்லைப் பக்கமாக மாட்டை அடுத்த வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட பாவிகளா!

நாலாவது வீட்டில் நாங்கள் கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டோம். வாசலில் கயிறு மட்டும் கட்டியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டு மூலையிலிருந்து மாட்டின் முகம் மட்டும் எட்டிப் பார்த்தது. பின்னால் யாரோ "ஹேய், நட நட" என்று கெஞ்சினார்கள்.

"நிர்மலா, அந்த மாட்டின் காது வில்லையில் கடைசி நாலு எண் என்ன என்று நான் சொல்லட்டுமா?" என்றார் நோரா. சொன்னார். சரியாக இருந்தது. அயர்லாந்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் மஞ்சள் வில்லை உண்டு. பண்ணையில் வளர்ந்தவர்கள் மனிதர் முகத்தை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள். "உங்களுக்குப் பின்னால் நிற்பது உமி நீக்கும் மெஷின்தானே?" என்று அடுத்த கேள்வி வந்தது. சிரிப்பு போய்விட்டது.

மூன்றாவது தடவை. இனிமேல் கேட்கவே முடியாது. நோரா சொன்னதைப் பச்சையம்மாவிடம் தமிழில் சொன்னேன். பச்சையம்மா ஐந்தாவது வீட்டு வாசலில், அது தன் வீடு என்று காட்டுவதற்காக, விளக்குமாற்றோடு நின்றிருந்தார். அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து போனுக்கு நேராக நின்றார்.

"யம்மா, மாடு ஒண்ணுதான். அது என்னுது. இது என் வூடு இல்ல. என் வூடு அந்தாண்ட இருக்குது, ஒழுவுது. பொடவ எங்களுதில்ல. மெஷினும் எங்களுதில்ல, இரவலு. இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் இப்டிப் பண்ணிட்டோம். நர்ஸம்மாக்கு ஒண்ணும் தெரியாது. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். நோரா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த மெஷின் ஓடுமா?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னதும் செல்வராணிக்கு உயிர் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துச் சுவிட்சைப் போட்டாள். பச்சையம்மா ஒரு முறம் சாமை கொண்டுவந்து கொட்டினார். மெஷின் கடகடவென்று ஆடியது, கழுத்தில் மாலையோடு. ஒரு பக்கம் உமி பறந்தது. இன்னொரு பக்கம் வெள்ளையாக அரிசி விழுந்தது. குனிந்து அள்ளி, ஊதி, வாயில் போட்டுப் பார்த்தார் பச்சையம்மா. பின்னாலிருந்து ஒரு குரல், "இது நான் மத்தியானம் பூரா குத்தறதாச்சே" என்றது.

அவ்வளவுதான். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினோரு பேரும் ஓடினார்கள். தாங்கள் குடியிருப்பதாகக் காட்டிய வீடுகளை விட்டுவிட்டு, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் சொந்த வீடுகளுக்கு. திரும்பி வரும்போது ஒவ்வொருத்தி தலையிலும் மூட்டை. மாடு அவிழ்ந்துபோய்க் கோலத்தின் நடுவில் நின்று சாணி போட்டது. போனை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நான் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். நோரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு பேருடைய மூட்டை முடிந்திருக்கும். குட்டியானை ஓட்டுநர் வந்து நின்றார். "மூணரை ஆச்சுங்க. இருட்டறதுக்குள்ள மலை எறங்கணும்." சுவிட்சை அணைத்துவிட்டார். பச்சையம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டையின் வாயைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. தலைவி என்பதால் எல்லோருக்கும் கடைசியில் நின்றிருக்கிறார். மெஷினின் வயிற்றுக்குள் கிடந்த கடைசிப் பிடி அரிசியைக் கைவிட்டு வழித்து எடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து மெஷினை ஏற்றினார்கள். மாலையைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அது அப்படியே மலை இறங்கிப் போனது. பன்னிரண்டு பேரும் மூட்டைகளோடு பார்த்துக்கொண்டே நின்றார்கள். நானும் நின்றேன். போனில் நோராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் படிவத்தில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மெஷின் வந்தால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறும் என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். பச்சையம்மா வண்டி போன வழியையே பார்த்துக்கொண்டு, "மத்தியானம் செத்த நேரம் படுத்துத் தூங்குவேன்" என்றார்.

நான் திட்டம் எழுதிப் பழகிய கை. உடனே ஆங்கிலத்தில், பெண்களின் உழைப்பு நேரம் மிச்சமாகி, அதனால் பொருளாதார மேம்பாடு ஏற்பட்டு, தன்னம்பிக்கை வளர்ந்து என்று நீட்டிக்கொண்டே போனேன்.

"நிர்மலா, அந்த அம்மா பேசியது ஒரே வாக்கியம். நீங்கள் ஒரு பக்கம் பேசுகிறீர்கள்" என்று நோரா தடுத்தார். "அவர் சொன்னதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நன்றி சொல்லிவிட்டு, முடிவு கடிதத்தில் வரும் என்று போனை வைத்துவிட்டார். அவர் குரலிலிருந்து எதுவும் தெரியவில்லை. செல்வராணி பொலபொலவென்று அழுதாள். பதினெட்டு வருஷத்தில் அவள் தொட்ட ஒரு மனு தள்ளுபடியாகப் போகிறதே என்று அழுகிறாளா, பச்சையம்மாவுக்காக அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மலை இறங்கினோம். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களை ஏதோ சாவுக்குப் போகிறவர்கள் என்று நினைத்து உட்கார இடம் கொடுத்தார்கள்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உறையைக் கிழிக்கத் தைரியமில்லாமல் இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்திருந்தேன். கிழித்துப் பார்த்தால், கொடுத்துவிட்டார்கள்! 'எதிர்பார்க்கும் பலன்' என்ற இடத்தில் நோரா ஒரே வரி எழுதியிருந்தார்: பெண்கள் மத்தியானம் தூங்குவார்கள்.

மே மாதம் மெஷின் மலையேறியது. இரண்டு வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஒருநாள் காலை பத்து மணிக்குப் பச்சையம்மாவுக்குப் போன் போட்டேன். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்; அங்கே அப்போது மத்தியானம் இரண்டரை. முழுசாக அடித்து நின்றது. குழுவில் இன்னொருத்திக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. மூன்றாவது ஆளுக்கும் போட்டுப் பார்த்தேன். பதறிப்போய்ச் செல்வராணியைக் கூப்பிட்டு, ஊரில் ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அறிவிருக்காடி உனக்கு? இந்நேரத்துலயா மலைக்குப் போன் பண்ணுவாங்க? எழுப்பிக் கிழுப்பித் தொலச்சிடாத" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அதைக்கூட அணைக்காமல் நின்று அழுதேன். சந்தோஷமாக இருந்தது. மானியம் வாங்கியவர்கள் கடைசியாக ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். எதிர்பார்த்த பலன் கிடைத்ததா, அதற்கு அத்தாட்சி என்ன என்று அதில் ஒரு கேள்வி உண்டு. பலன் கிடைத்தது, மூன்று பேருக்குப் போன் போட்டேன், ஒருவரும் எடுக்கவில்லை என்று எழுதி அனுப்பினேன்.